வகுப்பறை நாடகமும் வாழும் மொழியும்

தமிழாசிரியர்களிடம் நாடகம் என்று சொன்னால் பெரும்பாலும் மேடையே நினைவுக்கு வரும். ஆண்டு விழா, நாடகப் போட்டி, ஒப்பனை, மனப்பாடம் செய்த வசனம், பெற்றோரின் கைத்தட்டல் ஆகியவை அந்நினைவோடு சேர்ந்து வரும். இக்கட்டுரை பேசும் நாடகம் அதனின்று வேறுபட்டது. மேடையும் பார்வையாளரும் இல்லாமல், வகுப்பறை மேசைகளைச் சற்றே ஒதுக்கிவிட்டு, மாணவர் அனைவரும் ஒரு கற்பனைச் சூழலுக்குள் புகுந்து, அங்குப் பேச வேண்டியதைத் தாமே பேசும் பயிற்சியை இங்கு நாடகச் செயற்பாடு என்கிறோம். அது இருபது நிமிடங்களிலும் முடியலாம். இரண்டு பாடவேளைகளுக்கும் நீளலாம்.

இத்தகைய செயற்பாடு மாணவரின் தன்னம்பிக்கையை வளர்க்கும், வகுப்பைக் கலகலப்பாக்கும் என்பன பலரும் அறிந்தவை. எந்த மொழி வகுப்புக்கும் பொருந்தும் பயன்கள் அவை. சிங்கப்பூர்த் தமிழ் வகுப்புக்கு அது தரும் தனிப்பயன்கள் இரண்டு உண்டு. ஒன்று, தமிழ் பேசுவதற்கான தேவை. மற்றொன்று, எந்தத் தமிழைப் பேசுவது என்னும் தெரிவு. இவ்விரண்டும் நம் மாணவரின் அன்றாட வாழ்விலிருந்து நழுவிக்கொண்டிருக்கின்றன. அவை ஏன் நழுவின, நாடகம் அவற்றை எவ்வாறு மீட்டுத் தருகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலைகீழான வரிசை

ஒரே மொழிச் சமூகத்தில் உயர்வழக்கு, தாழ்வழக்கு என இரண்டு வழக்குகள் தத்தமக்குரிய இடங்களில் வழங்குவதை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். அமெரிக்க மொழியியலார் சார்லஸ் ஃபெர்கூசன் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹைட்டி நாட்டின் மொழி ஆகிய நான்கையும் சான்றாகக் கொண்டு இந்நிலையை விளக்கினார். எழுத்துத்தமிழும் பேச்சுத்தமிழும் வழங்கும் நம் மொழியும் இவ்வகையைச் சேர்ந்ததே. ‘தாழ்’ என்பது தரத்தைக் குறிக்கும் சொல்லன்று. வீட்டிலும் தெருவிலும் பழகும் வழக்கைச் சுட்டும் ஒரு கலைச்சொல் மட்டுமே.

இரட்டை வழக்கின் இயல்புகளுள் ஒன்றை ஆசிரியர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அத்தகைய சமூகத்துக் குழந்தை பேச்சு வழக்கை வீட்டில் இயல்பாகப் பெறுகிறது. எழுத்து வழக்கைப் பள்ளியில் முறையாகக் கற்கிறது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வளரும் குழந்தை ‘வந்துட்டாங்க’ என்றோ ‘வந்திட்டினம்’ என்றோ பேசிப் பழகிய பின்னரே ‘வந்துவிட்டார்கள்’ என எழுதக் கற்கிறது. தமிழ்ப் பாடநூல் மரபு முழுவதும் இந்த வரிசையை நம்பியே அமைந்தது. பேசத் தெரிந்த குழந்தைக்கு எழுதக் கற்பிப்பதே அதன் வேலை.

சிங்கப்பூரில் அவ்வரிசை தலைகீழாகி வருகிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவதாகக் கூறிய இந்தியர் 41.6 விழுக்காட்டினர். 2020இல் அது 59.2 விழுக்காடாக உயர்ந்தது. இவ்வீடுகளிலிருந்து வரும் தமிழ்க்குழந்தை எழுத்துத்தமிழைப் பள்ளியில் முதலில் சந்திக்கிறது. பேச்சுத்தமிழை எங்குமே போதிய அளவு சந்திப்பதில்லை. அக்குழந்தைக்குக் கிடைப்பது உணவு மேசையில் எவரும் பேசாத ஒரு தமிழ். ‘நான் உணவு உண்ண விரும்புகிறேன்’ என்று பாட்டியிடம் சொன்னால் பாட்டி சிரிப்பார். ஒருமுறை சிரிப்புக்கு ஆளான குழந்தை மறுமுறை ஆங்கிலத்துக்கு மாறிவிடும்.

இதனை உணர்ந்தே, தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் ஆராய்ந்த மறுஆய்வுக் குழு 2005இல் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடந்தர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பின்னர் வந்த தாய்மொழிகள் மறுஆய்வும் தாய்மொழியை வாழும் மொழியாக்குவதை வலியுறுத்தியது. கொள்கை அளவில் வழி திறந்துவிட்டது. அவ்வழியே எவ்வாறு நடப்பது என்பதே ஆசிரியரின் அன்றாடக் கேள்வியாகும்.

பாசிர் ரிஸ் மாணவருக்குத் தமிழ் எங்கே தேவைப்படுகிறது?

தீவின் கிழக்கு முனையில் உள்ள பாசிர் ரிஸை எடுத்துக்கொள்வோம். அங்கு வீவக அடுக்குமாடியில் வாழும் தொடக்கநிலை 5 மாணவி ஒருத்தியின் நாளை எண்ணிப் பார்க்கலாம். மின்தூக்கியில் சந்திக்கும் அண்டை வீட்டார் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கக்கூடும். 1989இல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்கிலும் பல இனத்தவரும் கலந்து வாழ்கின்றனர். இன நல்லிணக்கத்துக்கு அக்கொள்கை ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும், தமிழர் செறிந்து வாழும் தெரு என்ற ஒன்று இல்லாதபோது, குழந்தையின் காதில் தமிழ் தானாக வந்து விழும் வாய்ப்பும் குறைகிறது. உணவங்காடி நிலையத்தில் உணவு வாங்கவும், வெள்ளை மணல் கடைத்தொகுதியிலுள்ள நூலகத்தில் நூல் இரவல் பெறவும், பூங்காவின் சதுப்புநிலக் காட்டு நடைபாதையில் தோழியரோடு உலாவவும் அவளுக்கு ஆங்கிலம் போதும். தமிழ் ஒலிக்கும் தெருவில் நடக்க வேண்டுமானால் அவள் தெம்பனிஸ் சென்று, ரயில் மாறி, லிட்டில் இந்தியா வரை பயணம் செய்ய வேண்டும். அங்கும் தேக்காச் சந்தையில் காய்கறி வாங்குவது அம்மாதான். அவள் உடன் நிற்கிறாள்.

ஆக, தமிழ் இல்லாமல் அவளுடைய நாளில் எதுவும் தடைபடுவதில்லை. தேவையில்லாத இடத்தில் மொழி வளர்வதில்லை. ‘தமிழில் பேசு’ என்னும் அறிவுரை தேவையை உண்டாக்காது. தேர்வும் தேர்வு நாள்வரைக்கும் மட்டுமே தேவையை உண்டாக்கும். நாடகச் செயற்பாடு இங்குதான் உதவுகிறது. தமிழ் தவிர வேறு மொழி அறியாத ஒருவரை அது வகுப்பறைக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர் கற்பனை மனிதர்தான். ஆயினும் அவரிடம் பேச வேண்டிய தேவை, அந்த இருபது நிமிடங்களுக்கு, உண்மையானது.

தமிழ் நாடகமும் பேச்சு மொழியும்

பேச்சு வழக்குக்கு மதிப்பளித்து எழுத முன்வந்த துறைகளுள் நாடகம் முக்கியமானது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், பாடல்களே மிகுந்திருந்த தமிழ் மேடையில் உரைநடை உரையாடலுக்கு இடந்தேடித் தந்தார். இலங்கையில் மொழியியல் அறிஞரான பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழிலேயே நாடகங்களை எழுதி 1940இல் ‘நானாடகம்’ என்னும் நூலாக வெளியிட்டார். இலக்கணமும் கல்வெட்டும் ஆராய்ந்த பேராசிரியர் ஒருவர் வீட்டு மொழியை அச்சேற்றத் தயங்கவில்லை என்பது கருதத்தக்கது. பாத்திரம் உண்மையாக வேண்டுமெனில் அதன் பேச்சு உண்மையாக வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இலங்கையில் இம்மரபு கல்வித் துறையிலும் வேரூன்றியது. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ஆசிரியராகவும் பணியாற்றியவர். சிறுவர் அரங்குக்கும் பள்ளி அரங்குக்கும் பெரும்பங்கு அளித்தவர். அங்கு நாடகமும் அரங்கியலும் என்பது மாணவர் தேர்வுக்குப் பயிலும் பாடமாகவே உள்ளது. சிங்கப்பூரிலோ, புதுமைதாசன் எனப்படும் பி. கிருஷ்ணன் வானொலிக்கு எழுதிய ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ தொடர், அடுக்குமாடி வாழ்க்கையை நேயர்களின் காதுக்குக் கொண்டுசேர்த்தது. அவருக்கு 2008இல் கலாசாரப் பதக்கம் வழங்கப்பெற்றது.

மேடைக்கும் வானொலிக்கும் உரிய இந்த அறிவை வகுப்பறைக்கு ஏற்ப மாற்றும் முறையில் இங்கிலாந்தின் டோரத்தி ஹீத்கோட் (1926–2011) முன்னோடி எனலாம். மாணவரை நடிக்கச் சொல்லிவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்பதை அவர் விரும்பவில்லை. ஆசிரியரும் ஒரு பாத்திரமேற்றுச் சூழலுக்குள் நுழைய வேண்டும் என்றார். இரட்டை வழக்குடைய தமிழுக்கு இம்முறை மிகவும் பொருந்துகிறது. ஏனெனில் ‘ஆசிரியர்’ என்னும் நிலையில் இருப்பவரிடம் மாணவர் எழுத்துத்தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசிப் பழகியுள்ளனர். அவரே பாட்டியாகவோ கடைக்காரராகவோ மாறும்போது மாணவரின் மொழியும் மாற வேண்டியதாகிறது.

ஒரு பாடம்: வாசலில் நிற்கும் மரம்

தொடக்கநிலை 5 அல்லது 6இல் நடத்தக்கூடிய ஒரு பாடத்தைக் காண்போம். சூழல் கற்பனையானது. பாசிர் ரிஸில் ஒரு புளோக்கின் முன்னே பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதனை வெட்டப்போவதாக அறிவிப்பு ஒட்டப்பட்டுள்ளது. மாலைதோறும் அம்மரத்தடியில் அமரும் அன்னம் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது.

முதற்படி, உறைகாட்சி. நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, அறிவிப்பைப் பார்க்கும் மக்களைச் சிலைபோல் அசையாது நின்று காட்டுகின்றனர். ஆசிரியர் ஒருவரின் தோளைத் தொட்டதும், அவர் தம் பாத்திரத்தின் மனத்தில் ஓடுவதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ‘ஐயோ, நிழல் போயிடுமே!’ என்று ஒரு மாணவர் சொன்னால் போதும். பேசத் தயங்கும் மாணவருக்கும் ஒரு வாக்கியம் சுமையாகாது.

இரண்டாம்படி, பாத்திரமேற்றல். ஆசிரியர் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அன்னம் பாட்டியாகிறார். மாணவர் அனைவரும் அண்டை வீட்டுப் பிள்ளைகள். அறிவிப்பில் உள்ளதைப் பாட்டிக்கு விளக்குவது அவர்கள் பொறுப்பு. ‘ஏன்பா வெட்டறாங்க?’, ‘யார் சொன்னது?’, ‘அப்ப நான் எங்க போய் உட்காருறது?’ எனப் பாட்டி கேட்டுக்கொண்டே இருப்பார். ஆங்கிலச் சொல் வந்தால், ‘அப்படின்னா என்னப்பா?’ என்பார். கலப்பைக் கண்டிக்க வேண்டியதில்லை. பாட்டிக்குப் புரியவில்லை என்பதே போதிய காரணம்.

மூன்றாம்படி, எழுத்து. பாட்டியின் சார்பில் தமிழ் முரசு நாளிதழின் வாசகர் பகுதிக்குக் கடிதம் எழுதுகின்றனர். 1935 முதல் வெளிவரும் அந்நாளிதழுக்குப் பேச்சுத்தமிழில் எழுத இயலாது என்பதை மாணவரே உணர்வர். சற்றுமுன் வாயால் சொன்னதையே இப்போது எழுத்து வழக்கில் அமைக்க வேண்டும்.

இறுதிப்படி, பாத்திரத்தைக் களைந்து உரையாடுதல். பாட்டியிடம் எப்படிச் சொன்னோம், நாளிதழுக்கு எப்படி எழுதினோம், ஏன் மாற்றினோம் என்பதை வகுப்பு பேசுகிறது. மொழிப்பாடம் முழுமை பெறுவது இங்கேதான். இப்படியை நேரமின்மை காரணமாக விட்டுவிட்டால் விளையாட்டு எஞ்சும், கற்றது நிலைக்காது.

இலக்கணம் நுழையும் இடங்கள்

இப்பாடத்தில் இலக்கணம் எங்கே என்று கேட்கலாம். பாடநூற்பயிற்சி எளிதில் எட்டாத நான்கு இடங்களில் அது நுழைகிறது.

முதலாவது, நாம், நாங்கள் வேறுபாடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே ஆங்கிலத்தில் சிந்திக்கும் மாணவர் இரண்டையும் குழப்புவர். ‘நாங்க கடிதம் எழுதறோம் பாட்டி’ என்றால் பாட்டி விலக்கப்படுகிறார். ‘நாம எல்லாரும் சேர்ந்து எழுதலாம் பாட்டி’ என்றால் அவரும் சேர்கிறார். முதல் வாக்கியத்தைக் கேட்ட பாட்டி, ‘அப்ப நான் வேண்டாமா?’ என்று முகம் வாடினால், உளப்பாட்டுத் தன்மைப் பன்மையை மாணவர் எளிதில் மறக்கமாட்டார்.

இரண்டாவது, மரியாதை. முன்னிலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். பாட்டியை ‘நீ’ என்று ஒரு மாணவர் அழைத்துவிட்டால், மற்ற மாணவரே அதைக் கவனித்துவிடுவர். நீ, நீங்கள் ஆகியவற்றோடு வா, வாங்க, வர்றீங்களா என வேண்டுகோள் படிப்படியாக மென்மையாவதும் நேரில் ஒருவர் நிற்கும்போதே விளங்கும்.

மூன்றாவது, கேள்விச் செய்தியைக் குறிக்கும் ‘ஆம்’. ‘வேரு கால்வாயைப் பிளந்துடுச்சு’ என்பது தான் கண்டதைக் கூறுவது. ‘பிளந்துடுச்சாம்’ என்பது பிறர் சொல்லக் கேட்டதைக் கூறுவது. ‘யார் சொன்னது?’ என்னும் பாட்டியின் கேள்வி இவ்விகுதியை வெளிக்கொணர்கிறது. பொறுப்பை ஏற்காமல் செய்தியை மட்டும் கடத்தும் இந்நுண்மை ஓரசையில் அடங்கிவிடுவது தமிழின் வளம்.

நான்காவது, வழக்கு மாற்றம். ‘பிளந்துடுச்சாம்’ என்பதை எழுதும்போது ‘பிளந்துவிட்டதாகக் கூறப்படுகிறது’ என மாற்ற வேண்டும். ‘வெட்டப் போறாங்களாம்’ என்பது ‘வெட்டப்படவுள்ளதாக அறிகிறோம்’ ஆகும். இரண்டும் ஒரே பொருளன. இடம் வேறு, எனவே வடிவம் வேறு. பேச்சு வடிவத்தைப் பிழையென ஒதுக்காமல் இணையாக வைத்துக் காட்டும்போது, எழுத்து வடிவத்தின் பயன் மாணவருக்குத் தெளிவாகிறது. தெரிவு என்று நாம் குறிப்பிட்டது இதனையே. யாரிடம், எங்கே, எதற்காகப் பேசுகிறோம் என்பதற்கேற்ப வடிவத்தைத் தெரிந்தெடுக்கும் திறனே மொழித்திறன்.

ஆசிரியர்களின் ஐயங்கள்

பேச்சுத்தமிழை வகுப்பில் அனுமதித்தால் எழுத்துத்தமிழ் கெடுமே என்பது முதல் ஐயம். தொல்காப்பியப் பாயிரமே வழக்கையும் செய்யுளையும் இலக்கண ஆராய்ச்சிக்குரிய இரு மூலங்களாகக் கொள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பன அல்ல. இடம் மாறி வரும்போதுதான் இடர் நேர்கிறது. இடமறிந்து பேசவும் எழுதவும் பழக்குவதே அதற்குரிய மருந்து. மேற்கண்ட பாடத்தில் கடிதப் பகுதியைக் கட்டாயமாக வைத்ததற்கும் அதுவே காரணம். அதே வேளையில் நாடகச் செயற்பாடு வாசிப்புக்கு மாற்றாகாது என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டலையும் சொல்வளத்தையும் நூல்களே தரும்.

எந்தப் பேச்சுத்தமிழ் என்பது அடுத்த ஐயம். பல பகுதித் தமிழரும் விளங்கிக்கொள்ளக்கூடிய, படித்தோர் பொது இடங்களில் பேசும் பொதுவழக்கை வகுப்பின் அடித்தளமாகக் கொள்ளலாம். ஆயினும் யாழ்ப்பாண வழிவந்த மாணவர் தம் பாட்டியின் ‘வாறன்’ என்னும் வடிவத்தைப் பாத்திரத்துக்குக் கொண்டுவந்தால் திருத்தக்கூடாது. அது அக்குடும்பத்தின் சொத்து. நாடகத்தில் அதற்கு நியாயமான இடமும் உண்டு.

பிழைகளை எப்போது திருத்துவது என்பது மூன்றாவது. காட்சி நடக்கும்போது குறுக்கிட்டுத் திருத்தினால் தேவை கலைந்துவிடும். மாணவர் மீண்டும் தேர்வு எழுதுபவராகிவிடுவார். பாட்டியாக நிற்கும் ஆசிரியர் சரியான வடிவத்தைத் தம் பதிலில் வைத்தே திருப்பிச் சொல்லலாம். ‘மரம் விழுந்தாங்க’ என்று மாணவர் சொன்னால், ‘மரம் விழுந்துடுச்சா? அடடா!’ என்பது பாட்டியின் வியப்பாகவும் திருத்தமாகவும் அமையும். பொதுவான பிழைகளைக் குறித்துவைத்து, இறுதிப்படியில் பெயர் சுட்டாமல் எடுத்துரைக்கலாம்.

நேரமும் இரைச்சலும் இறுதி ஐயம். இரண்டு பாடவேளைகளை முதல் வாரத்திலேயே ஒதுக்க வேண்டியதில்லை. பாடநூற்கதை ஒன்றின் பாத்திரத்தை நாற்காலியில் அமர்த்தி, மற்றவர்கள் கேள்வி கேட்கும் பயிற்சிக்குப் பத்து நிமிடம் போதும். தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரு கைத்தட்டலைக் குறியாக வைத்துக்கொண்டால் இரைச்சல் கட்டுக்குள் நிற்கும். மேலும், வாய்மொழித் தேர்வில் காணொளியை ஒட்டி உரையாட வேண்டிய மாணவருக்கு, எதிர்பாராத கேள்விக்கு உடனே விடைசொல்லும் இப்பழக்கம் வீண்போகாது.

மேடை நாடகத்தைக் கைவிட வேண்டும் என்பதன்று இதன் பொருள். மேடைக்கு அதற்குரிய பெருமை உண்டு. ஆனால் நால்வர் பேச இருபதுபேர் பார்க்கும் அமைப்பில் மொழிப்பயிற்சி நால்வருக்கே கிடைக்கிறது. அந்நால்வரும் பெரும்பாலும் ஏற்கெனவே நன்கு பேசுபவர்களாக இருப்பர். பேசத் தெரியாத மாணவருக்காகவே வகுப்பறை நாடகம் வேண்டப்படுகிறது.

மாணவர்களுக்கு ஒரு சொல்

மாணவர்களே, உங்கள் தமிழைக் கேட்டு யாரேனும் சிரித்திருந்தால், அது உங்கள் குறையன்று. உங்களுக்கு எழுத்துத்தமிழ் முதலில் கிடைத்தது. பேச்சுத்தமிழ் கிடைக்கத் தாமதமாகிறது. அதைத் தரக்கூடியவர்கள் பலருக்கும் வீட்டிலேயோ தொலைபேசியிலோ இருக்கிறார்கள். வகுப்பில் நீங்கள் அடுத்து ஏற்கப்போகும் பாத்திரம் ஒரு தாத்தாவாகவோ கடைக்காரராகவோ இருந்தால், அவர் எப்படிப் பேசுவார் என்று வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் ஐந்து வாக்கியங்களை அப்படியே கேட்டு வாருங்கள். ஆசிரியர் அவற்றை வகுப்பில் பயன்படுத்தலாம். அந்தப் பெரியவருக்கும் தம் பேச்சு பள்ளிக்கூடத்தில் மதிக்கப்படுகிறது என்பது தெரியவரும்.

ஒரு மொழி வாழ்வதற்கு அதைப் போற்றுவோர் இருந்தால் மட்டும் போதாது. அதில் கேட்கவும் மறுக்கவும் கெஞ்சவும் சமாதானம் சொல்லவும் தெரிந்தவர்கள் வேண்டும். அத்தகைய பேச்சுக்கு வெளியே இடம் சுருங்கியிருக்கும் காலத்தில், தமிழ் வகுப்பறையே அதற்குரிய முதல் இடமாகிறது. மேசைகளை ஒதுக்குவதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம்தான்.